கஞ்சாச் செடியும் கிருமி நாசமும்

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் பொருள்கள் நோய்க் கிருமிகளைக் கொல்லுகின்றன என்ற செய்தி சில ஆண்டுகளாக அடிக்கடி வெளிவருகின்றது. செய்தியின் பின்னாலேயே வியாபாரமும் வருகின்றது. சர்வரோக நிவாரணி என்று எண்ணெய் விற்பவர் ஒருபுறம். கிருமி அண்டாத துணி என்று அச்செடியின் நாரால் நெய்த துணியைப் புகழ்பவர் மற்றொருபுறம். பயிரிடுவோரும் நெய்வோரும் அங்கத்தினராக உள்ள நம் சங்கங்கள், இதில் உண்மை எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்குவோம். பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பு வேறு. கோணி நெய்யும் சணல் வேறு. இங்கே பேசப்படுவது கஞ்சாச் செடியே. அதன் பெண் பூக்களில் உள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகளில் கன்னாபினாய்டு எனப்படும் பொருள்கள் பல உண்டாகின்றன. போதை தருவது அவற்றுள் முக்கியமாக ஒன்றே. கன்னாபிடையால், கன்னாபிஜெரால் முதலியவை போதை தருவன அல்ல.

இந்த ஆராய்ச்சி புதியதன்று. 1950-களிலேயே செக்கோஸ்லோவாகியாவின் விஞ்ஞானிகள் இச்செடியின் கிருமிநாசினிக் குணத்தை ஆராய்ந்தனர். 2008-ல் இத்தாலிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், பழைய மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளின்மீது ஐந்து கன்னாபினாய்டுகளைச் சோதித்தனர். ஐந்தும் மிகச் சிறிய அளவிலேயே அவற்றின் வளர்ச்சியைத் தடுத்தன. 2020-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், கன்னாபிஜெரால் அக்கிருமியின் உள்உறையைச் சிதைப்பதைக் கண்டனர். நோயுற்ற எலிகளிலும் அது பலன் தந்தது. 2021-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார், வெட்டை நோய்க் கிருமியைக் கன்னாபிடையால் கொல்வதாக அறிவித்தனர்.

இவற்றை அற்பமென்று நாம் ஒதுக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தோர், 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். புதிய மருந்து எந்தச் செடியில் கிடைப்பினும் வரவேற்க வேண்டியதே.

ஆயினும் சோதனைக் கிண்ணம் வேறு, மனித உடல் வேறு. 1976-லேயே நெதர்லாந்து விஞ்ஞானிகள் இருவர் இதைக் காட்டினர். கிருமி வளர்க்கும் குழம்பில் நன்கு வேலை செய்த அதே பொருள்கள், இரத்தமோ இரத்தத்தின் தெளிநீரோ கலந்தவுடன் பெரிதும் வலுவிழந்தன. மேலும், வெளியுறை ஒன்று கூடுதலாக உள்ள கிருமிகளை இவை பெரும்பாலும் தனித்து வெல்வதில்லை. அவ்வுறையைத் தளர்த்த வேறு மருந்தின் துணை வேண்டியிருக்கின்றது.

வைரஸ் விஷயமும் இத்தகையதே. 2022-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், இச்செடியின் இரு அமிலங்கள் கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் புகுவதைத் தடுப்பதாகச் சோதனைச் சாலையில் கண்டனர். ஆனால் பிரேசில் நாட்டில் கொரோனா நோயாளிகளுக்கே கன்னாபிடையால் கொடுத்துப் பார்த்தபோது, வெறும் போலி மருந்து உண்டவர்களைவிட அவர்கள் அதிக நன்மை அடையவில்லை. ஆகவே, காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இந்த எண்ணெயை நாடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

நெசவாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேற்கூறிய பொருள்கள் பூவின் பிசினில் நிறைந்துள்ளன. நார் கிடைப்பதோ தண்டின் பட்டையில். அங்கு அவை மிகச் சொற்பம். அந்நாரும் ஊறவைத்து, அலசி, காரத்தில் வேகவைத்த பிறகே நூலாகின்றது. ஆகவே, பூவின் சாறு கிருமியைக் கொன்றது என்ற ஆராய்ச்சியைக் காட்டி, துணியும் கொல்லும் என்று விற்பது நியாயமாகாது. அந்நார் உறுதியானது, நெடுநாள் உழைப்பது. அக்குணங்களுக்காக அதை விற்கலாம். கிருமியைப்பற்றிச் சொல்ல வேண்டுமானால், அந்தத் துணியையே சோதித்த சான்று கையில் இருக்க வேண்டும்.

பயிரிடுவோருக்கும் ஒரு சொல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றம். நாருக்கும் விதைக்கும் தனி அனுமதி தர அச்சட்டத்திலேயே இடமுண்டு. உத்தரகண்ட் மாநிலம் 2018-ல் அவ்வழியில் உரிமம் வழங்கியது. வேறொரு மாநிலத்து அனுமதி நம் வயலுக்குச் செல்லாது. விதை விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பி எவரும் நிலத்தில் இறங்க வேண்டாம்.

நமது துணிபு இதுவே. பல்கலைக்கழகங்களும் அரசாங்க ஆய்வு நிலையங்களும் இவ்வாராய்ச்சியை ஊக்கத்துடன் நடத்த வேண்டும். அதற்குச் சங்கங்கள் குரல் கொடுக்கவேண்டும். அதுவரை, மனிதரிடம் நிரூபிக்கப்படாத மருந்தும், சோதிக்கப்படாத துணியும் நம் விற்பனை நிலையங்களில் இடம் பெறலாகாது. கூட்டுறவுச் சங்கத்தின் முதல் மூலதனம் நாணயம். பங்குப் பணம் குறைந்தால் மீண்டும் திரட்டலாம். நாணயம் குறைந்தால் திரட்டுவது எளிதன்று. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதைக் கலந்து ஆலோசித்து முடிவு செய்வார்களாக.