தொட்டிக்குள் ஒரு சமுத்திரம்

கடல் மீன் வளர்ப்பதென்றால் மீன் வாங்குவதுதான் பெரிய காரியம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், சகோதரிகளே. இல்லையாம். கல் வாங்குவதுதான் பெரிய காரியம்!

திண்டிவனத்திலிருக்கும் என் சிநேகிதி, சீட்டு எடுத்த பணத்தில் தன் பெண்ணுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டாள். 200 லிட்டர் பிடிக்கும். பெண்ணுக்குக் கோமாளி மீன் மேல் ஆசை. "உயிர்க்கல் என்கிறான், காய்ந்த கல் என்கிறான். மிச்சமிருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் காணும். நீதான் பத்திரிகைக்காரியாச்சே, எது என்று சொல்லேன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரித்ததில் விஷயம் நம் அடுக்களை விஷயமாகவே இருந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது; மீனுக்கு அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். கடலிலிருந்து ஈரத்தோடு எடுத்து வரும் உயிர்க்கல்லில் இவை முன்பே குடியிருக்கின்றன. காய்ந்த கல்லில் ஒன்றும் கிடையாது. உயிர்க்கல் என்பது உறை மோர். காய்ந்த கல் வெறும் பால். உறை மோர் இருக்கும்போது யாராவது பாலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? உயிர்க்கல்லே வாங்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எங்கள் நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றாள் சிநேகிதி. விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

கூடத்தில் பெரிய தொட்டி இருந்தது. அதில் மீன் இல்லை. பழைய பேப்பர் கட்டுகள் இருந்தன! "ஏம்மா கேட்கிறே, போன சித்திரையிலே சென்னையிலிருந்து பத்து கிலோ கல் வந்தது. ஈரப் பேப்பரிலே சுற்றி பஸ்ஸிலே போட்டு அனுப்பினான். மறுநாள் வீடெல்லாம் கருவாட்டு நாற்றம். நாலே நாளில் ஐந்து மீனும் மிதந்தது" என்றார் அந்த அம்மாள். கத்திரி வெயிலில் கல்லிலிருந்த பூச்சி புழுவெல்லாம் செத்து அழுகி, அம்மோனியாவைத் தீர்க்க வேண்டிய கல்லே அதைக் கொட்டியிருக்கிறது. சாகாமல் பிழைத்த ஒரே பிராணி, கல் பொந்திலிருந்த ஒரு நண்டு. அதைப் பிடிக்க அவர் பட்ட பாடு தனிக் கதை.

அந்தக் கல்லில் ஒன்றை அவர் அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தார். பூப்பூவாக வரி ஓடிய பவளக் கல். எனக்குப் பகீரென்றது. 2001-லிருந்து பவளப் பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் இடத்தில், இருக்கின்றன. உயிரற்ற பவளமானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. கடைக்காரர் இதைச் சொல்லவில்லையாம். ஏன் சொல்லப் போகிறார்!

இந்தக் கண்டிப்பு வீணல்ல. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-ல் அவற்றைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அங்கே பவளத்தை வெட்டி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனது பல காலம் நடந்தது. அலையைத் தடுக்கும் பாறை போனபின் மணல் நிற்குமா? விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. அதைக் காக்க 2015 முதல் துளையிட்ட காங்கிரீட் கூடுகளைக் கடலில் இறக்கினார்கள். வெறும் சிமெண்டு! அதன்மேல் பவளம் ஒட்டி வளர்ந்தது. மீன்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலும் கடலில் இயற்கையாகக் கிடக்கும் கல்லை எடுக்க விடுவதில்லை. கரையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கடலில் போட்டு, உயிர் ஏறியபின் எடுத்து விற்கிறார்கள்.

சமுத்திரமே காய்ந்த கல்லில் ஆரம்பிக்கும்போது நமக்கென்ன அவசரம்? திரும்பும்போதே சிநேகிதி தீர்மானித்துவிட்டாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் கேட்டறிந்தது இது. பவளக் கிளை இல்லாத, துவாரம் நிறைந்த லேசான சுண்ணாம்புக் கல்லோ, தொட்டிக்கென்றே செய்த செயற்கைக் கல்லோ போதும். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ சுமார் கணக்கு. பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு எடுங்கள். தொட்டியில் அடுக்கி உப்பு நீர் நிரப்பியதும் சிறு இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுக விடுங்கள். அதுதான் பாக்டீரியாவுக்கு முதல் சாப்பாடு. பாக்டீரியாவையே பாட்டிலிலும் விற்கிறார்கள். விட்டால் சீக்கிரம் உறையும். நாலு வாரம் முதல் எட்டு வாரம் ஆகலாம். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். அதற்கு முன்னால் குழந்தை அழுதாலும் கூடாது.

"மரக்காணம் பக்கத்திலே இருக்கிறதே, அந்த உப்பையே கரைத்தால் என்ன?" என்று அந்தப் பெண் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் உப்பளத்தில் சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடும். மெக்னீசியம் மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். நடுவில் கிடைப்பது சாம்பாருக்கு ஆகும், சமுத்திரத்துக்கு ஆகாது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான் வேண்டும்.

ஐந்து வாரம் கழித்துப் போயிருந்தேன். கல்லெல்லாம் பழுப்பாகப் பாசி படர்ந்திருந்தது. சிநேகிதி பாத்திரம் தேய்க்கும் நாரோடு நின்றாள். "ஐயோ, தொடாதேம்மா! இப்பத்தான் உயிர் வருது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் பெண்.