பொறுத்தார் பூமி ஆள்வார்... கோல்ஃப் மட்டையும்தான்!

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்று ஒரு ஏரியா இருக்கிறது. பெயரில் பாதி இருந்தும் அங்கே ஃபேர்வே கிடையாது! பிருந்தாவன் ரோட்டில் நடந்தால் ஆஸ்பத்திரி வரும், ஓட்டல் வரும், கோல்ஃப் புல்வெளி மட்டும் வராது. 18 குழி மைதானத்தைப் பார்க்க ஆசைப்படுபவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்கோ, பெங்களூருக்கோ வண்டியேறலாம்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஃபேர்வே உட் என்ற மட்டையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பேச இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பெயர்தான் 'உட்', அதாவது மரம். இன்று அதன் தலை பெரும்பாலும் எவர்சில்வர். எவர்சில்வர் என்றால் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு, இந்த மட்டையில் புகழ்பெற்ற ஒரு வகை, புல் அடர்ந்த தரையைவிடக் கட்டாந்தரைக்கே அதிகம் உதவுவது. கட்டாந்தரைக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். கோல்ஃபில் முதல் அடியை மட்டும் 'டீ' என்ற சின்ன ஆணியின் மேல் பந்தை வைத்து அடிக்கலாம். அதற்குப் பிறகு பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அனுப்புவதற்கான மட்டைதான் ஃபேர்வே உட். 3 நம்பர் மட்டையின் முகம் சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும், 5 நம்பர் சுமார் 18, 7 நம்பர் சுமார் 21. சாய்வு கூடினால் பந்து சுலபமாக எழும்பும், தூரம் கொஞ்சம் குறையும்.

ஒரு காலத்தில் இதன் தலையை பெர்சிமன் மரத்தில் கடைந்தார்கள். பீடி சுற்றும் இலை தருகிற மரத்துக்கு அது சொந்தக்கார மரம். 1979-ல் கேரி ஆடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் கம்பெனியைத் தொடங்கி, உள்ளே வெற்றிடம் விட்ட எவர்சில்வர் தலையோடு மட்டை விற்க ஆரம்பித்தார். நடுவில் இருந்த எடையை ஓரங்களுக்குத் தள்ள முடிந்தது. இங்கிருந்துதான் 'மன்னிக்கும் மட்டை' என்ற பேச்சு சூடுபிடிக்கிறது.

மன்னிப்பு என்றால் என்ன?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நடு மட்டையில் பட்டால் பந்து பறக்கும். ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள்ளேயே திரும்பும், பந்து சோம்பலாக உருளும், கை சுரீரென்று இழுக்கும். கோல்ஃப் மட்டையும் அப்படித்தான். எடை நடுவில் குவிந்திருந்தால் ஓரத்தில் பட்டவுடன் தலை திருகிக்கொள்ளும். எடை சுற்றுவட்டத்தில் பரவியிருந்தால் அவ்வளவு சுலபமாகத் திருகாது. ராட்டினத்தின் கனமெல்லாம் விளிம்பில் இருந்தால் அதைத் திருப்பவும் நிறுத்தவும் கஷ்டமாக இருக்குமே, அதே கணக்கு.

இதில் மேல், கீழ் என்ற கணக்கும் உண்டு. கோல்ஃப் பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். கட்டாந்தரையில் கிடந்தால் பந்தின் நடுப்பகுதி தரையிலிருந்து வெறும் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மட்டையின் எடை மையம் அதைவிட மேலே இருந்தால், எவ்வளவு நன்றாக வீசினாலும் பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில்தான் படும். தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி மட்டும் கூடி, பாதி வழியில் களைத்து விழும். புல் தடிமனாக இருந்தால் அது பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொடுக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண் அந்த உதவியைச் செய்யாது.

இந்தச் சிக்கலை மனதில் வைத்து 1990-களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பார்னி ஆடம்ஸ் உருவாக்கியதுதான் 'டைட் லைஸ்' மட்டை. புல் மெலிந்த தரையில் பந்து ஒட்டிக் கிடப்பதை கோல்ஃபில் டைட் லை என்பார்கள். தமிழில் சொன்னால் கட்டாந்தரை. முகத்தின் உயரத்தைக் குறைத்து, எடையைப் பந்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கினார். 16 டிகிரி சாய்வு. டிவி விளம்பரத்தில் காட்டியதும் சாதாரண ஆட்டக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு கொசுறுக் கதை உண்டு. ஆடம்ஸ் கோல்ஃப் கம்பெனி 1998 ஜூலையில் 16 டாலர் விலையில் பங்குச்சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பங்கு 5 டாலருக்கும் கீழே இறங்கியது, வழக்கும் நடந்தது. 2012-ல் கம்பெனியை டெய்லர்மேட் வாங்கிவிட்டது. பங்கு விழுந்ததால் மட்டை கெட்டுப்போய்விடவில்லை. ஒரு பொருளின் தரத்துக்கும் அதன் கம்பெனியின் பங்கு விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

எதை வைத்து மதிப்பிடுவது?

விளம்பரங்கள் எப்போதும் தூரத்தைத்தான் பேசும். 2012-ல் வந்த டெய்லர்மேட் ராக்கெட்பால்ஸ் 3 நம்பர் மட்டைக்கு, முந்தைய மட்டையைவிட 17 யார்டு கூடுதல் என்று விளம்பரம் செய்தார்கள். நன்றாகப் பட்ட அடியைப் பற்றிய பேச்சு அது. கற்றுக்கொள்ளும் ஒருவருக்குப் பத்தில் எத்தனை அடி அப்படிப் படும்?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மட்டையில் பத்து அடிகள்: மூன்று 200 யார்டு, நான்கு 170, மூன்று 110. இரண்டாவது மட்டையில்: இரண்டு 190, ஐந்து 175, மூன்று 150. கடையில் பக்கத்தில் நிற்பவர் அந்த 200-ஐப் பார்த்துத்தான் கைதட்டுவார். ஆனால் சராசரி முதல் மட்டைக்கு 161, இரண்டாவதற்கு 170.5. ஏற்ற இறக்கமும் இரண்டாவதில்தான் குறைவு. மியூச்சுவல் ஃபண்டைப் பார்க்கும்போது ஸ்டாண்டர்டு டீவியேஷன் கேட்கிறவர்கள், மட்டை வாங்கும்போது மட்டும் அதிகபட்ச லாபத்தைப் பார்த்து மயங்குவது ஏன்?

ஆகவே சோதனை இப்படி இருக்க வேண்டும். டீயில் வைத்து அடிக்கக் கூடாது. புல்லில் ஐந்து, காய்ந்த தரையில் ஐந்து. மிகச் சிறந்த அடியைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, மிக மோசமான மூன்றை மட்டும் பாருங்கள். அவை எங்கே போய் விழுந்தன என்பதுதான் மட்டையின் உண்மையான மார்க் ஷீட்.

அடுத்தது 'ஃபீல்', அதாவது கையில் தெரிகிற உணர்வு. பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு வினாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். கை உணர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். உணர்வு என்பது நடந்து முடிந்த பிறகு வருகிற தகவல், அதில் பெரும்பங்கு சத்தம். நைக்கி 2007-ல் விட்ட சதுரத் தலை சுமோ டிரைவர் மன்னிப்பில் பெரிய கெட்டிக்காரன்தான். ஆனால் தகர டப்பாவைத் தட்டியது போன்ற அதன் சத்தத்துக்குத்தான் பேர்போனது. சத்தம் இனிமையாக இருக்க வேண்டும் என்பது ஆசை. சரியான அடிக்கும் தப்பான அடிக்கும் சத்தம் வேறுபட வேண்டும் என்பதுதான் தேவை. மன்னிக்கட்டும், ஆனால் தப்பு நடந்ததைச் சொல்லிவிட்டு மன்னிக்கட்டும். எல்லா அடிக்கும் ஒரே சத்தம் போடும் மட்டை, எல்லாப் பேப்பருக்கும் நூறு மார்க் போடும் வாத்தியார் மாதிரி.

எதை மன்னிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்ற தப்பைத்தான் இது பொறுக்கும். முகத்தையே கோணலாகத் திருப்பி அடித்தால் பந்து கோணலாகத்தான் போகும். உயரம் குறைந்த முகம் என்பதால் அடர்ந்த புல்லில் பந்துக்கு அடியில் வழுக்கிப் போகவும் வாய்ப்புண்டு. பந்து உயரமாக எழும்புவதால் எதிர்க்காற்றில் தூரம் குறையும்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று சிரிப்பவர்கள் உண்டு. திறமை இருந்தால் எந்த மட்டையும் போதும், சுலபமான மட்டை சோம்பேறிகளுக்கு என்பது அவர்கள் வாதம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது? டஸ்டின் ஜான்சன் 2020 மாஸ்டர்ஸ் போட்டியை 268 அடிகளில், 20 அண்டர் என்ற சாதனையோடு ஜெயித்தபோது அவர் பையில் 7 நம்பர் ஃபேர்வே உட் இருந்தது. அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்து ஊர்க் கதை இன்னும் அழுத்தமானது. பெங்களூரின் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்துகொண்டு ஆடினார். அடிக்கும் தூரத்தில் அந்தக் களத்தில் கடைசி வரிசை. மற்றவர்கள் இரும்பு மட்டை எடுக்கும் தூரத்தில் அவர் ஹைப்ரிடும் ஃபேர்வே உட்டும் எடுக்க வேண்டியிருந்தது. முடிவு: 15 அண்டர், நான்காவது இடம், ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது. பலம் குறைந்தவர் சரியான கருவியோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்தியா அன்று விடியற்காலையில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது.

கோல்ஃப் இந்த ஊரில் வசதி உள்ளவர்களின் ஆட்டமாகவே இருக்கிறது. வெளியிலிருந்து நுழைகிற பையனுக்கோ பெண்ணுக்கோ பயிற்சி நேரம் குறைவு, பந்து குறைவு, மைதானம் தூரம். பத்து அடியில் மூன்று வீணானால் அவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ஒரே ஒரு மட்டைதான் வாங்க முடியும் என்றால், நீளமான டிரைவரை விட்டுவிட்டு, பழையதானாலும் பரவாயில்லை, தலை தாழ்ந்த 5 நம்பர் ஃபேர்வே உட் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். கற்றுக்கொள்கிறவருக்குத் தேவை, அடுத்த அடியை அடிக்க ஆசை மிச்சம் வைக்கிற மட்டை.