தங்கமீனுக்கு 14 நாள்

என் மகளுக்குப் புதுக் கொலுசு வந்திருந்தது. ‘சத்தம் நல்லா இருக்காப்பா?’ என்று ஹாலில் நாலு தடவை ஓடிக் காட்டினாள். ‘பிரமாதம்!’ என்றேன். பொய். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

மறுநாள் ஈ.என்.டி. டாக்டர், என்னை ஒரு சின்ன ரூமில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ‘சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க’ என்றார். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரிப்பேர், நான்தான்.

கிராஃபில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மழைக்கால ரோடு மாதிரி ஒரு பள்ளம்.

‘இரைச்சலால வர்ற பள்ளம் இது. கல்யாண ரிசப்ஷன்ல எங்க உட்காருவீங்க?’

‘ஸ்பீக்கர் பக்கத்துல ஸார். அங்கதான் எப்பவும் சீட் காலியா இருக்கும்.’

அது போக, பத்து வருஷமாக ஆபீஸ் போகும் பஸ்ஸில் இயர்போன். இன்ஜின் சத்தத்தை ஜெயிக்க வேண்டுமே என்று வால்யூம் எப்போதும் முழுசு.

‘சரியாயிடுமா டாக்டர்?’

‘நீங்க மீனாப் பொறந்திருந்தா ஆயிடும்!’

கிண்டல் என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்தால், நிஜம்!

நம் உள்காதில், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. சத்தத்தின் அதிர்வை மின்சாரமாக்கி மூளைக்கு அனுப்புகிற குமாஸ்தாக்கள் இவர்கள். ஓவர் டைம் கொடுத்தால் செத்துப் போவார்கள். அந்த வேகன்ஸி நமக்கு நிரப்பப்படுவதே இல்லை. பறவைகளுக்கும் மீன்களுக்குமோ புது ஆள் வந்து சேருகிறார்.

மைக்கேல் ஸ்மித் என்று ஒரு விஞ்ஞானி. பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மீன்கள் வாழும் சூழலும் மீன் காதும்தான் அவருடைய உலகம். 2004-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் அவரும் சகாக்களும் தொட்டியில் தங்கமீன்களை விட்டு, தண்ணீருக்குள் ஸ்பீக்கரில் ‘உஷ்ஷ்’ என்று இடைவிடாமல் இரைச்சல் கொடுத்தார்கள். 160-லிருந்து 170 டெசிபல். (பயப்படாதீர்கள். தண்ணீர் டெசிபல் கணக்கு வேறு, காற்றுக் கணக்கு வேறு.) மீனைப் பட்டன் அமுக்கச் சொல்ல முடியாது இல்லையா? அதனால் தலையில் மெல்லிய மின்முனை வைத்து, மூளைக்குச் செய்தி போகிறதா என்று பார்த்தார்கள்.

பத்தே நிமிஷத்தில் காது மந்தமாக ஆரம்பித்தது. 24 மணி நேரத்தில் 28 டெசிபல் அவுட். 21 நாள் இரைச்சலில் இருந்த மீன்களை அமைதியான தண்ணீருக்கு மாற்றினார்கள். 14 நாளில் பழையபடி கேட்க ஆரம்பித்துவிட்டன!

திலாப்பியாவையும் சோதித்தார்கள். அதாவது நம்ம ஜிலேபி மீனின் சொந்தக்காரர். அவருக்குப் பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. காரணம், தங்கமீனுக்குக் காற்றுப்பையையும் காதையும் இணைக்கும் குட்டி எலும்புகள் உண்டு. ரொம்ப நுட்பமான காது, அதனால் அடியும் அதிகம். ஜிலேபிக்கு ஆரம்பத்திலிருந்தே காது சுமார். கெடுவதற்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. எங்கள் ஆபீஸில்கூட இப்படி இரண்டு பேர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எல்லா மீனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆஸ்திரேலியாவில் கடலடி எண்ணெய் தேடும் ஏர்கன் வெடிச் சத்தத்தில் ஸ்நாப்பர் மீன்களை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. 58 நாள் கழித்தும் காதுச் சேதம் ஆறியிருக்கவில்லை. கடலில் காது என்பது பாட்டுக் கேட்க அல்ல. கத்தாழை மீன் குடும்பத்தில் ஆண் மீன் காற்றுப்பையை அதிர வைத்துக் குரல் கொடுத்துத்தான் ஜோடியைக் கூப்பிடுகிறது. மேலே கப்பல் இரைந்தால் கூப்பிட்டது காதில் விழாது. கல்யாணமே நின்று போகும்!

பாவம், கப்பல் இன்ஜினைக் குறைக்க மீனிடம் பட்டன் இல்லை. என்னிடம் இருந்தது. பத்து வருஷமாகக் கட்டை விரலுக்கடியிலேயே இருந்தது.

அமெரிக்காவின் நையோஷ் ஆராய்ச்சி நிறுவனக் கணக்குப்படி, 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு உங்கள் பாட்டு கேட்கிறதா? அவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நேற்று மகளிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, என் கையை எடுத்துத் தன் காலில் வைத்து, தரையில் ‘தொம் தொம்’ என்று குதித்தாள்.

‘இப்பக் கேக்குதாப்பா?’

கேட்டது.