பெரியப்பாவின் குறிப்பேடும் விக்கிப்பீடியாவும்

கோலார் தங்கவயலில் வாழும் என் பெரியப்பா சில மாதங்களுக்கு முன் ஒரு தடித்த குறிப்பேட்டை என்னிடம் தந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து எங்கள் குடும்பம் சுரங்க வேலைக்குப் புறப்பட்டது தொடங்கி, எவர் எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், எவர் பாறைவெடிப்பில் மாண்டார், எந்த லைன் வீட்டில் எத்தனை பேர் படுத்துறங்கினர் என்பது வரை பல ஆண்டுகளாகக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். “நீ படிச்ச பொண்ணு, இத விக்கிப்பீடியாவுல ஏத்திடும்மா” என்றார். நான் ஏற்றவில்லை. அவருக்கு மனவருத்தம். ஆய்வு நண்பர்கள் சிலர் என்னுடையதைப் படித்தவர்களின் மேட்டிமை என்றே கடிந்துகொண்டனர். அவர்களுக்கு என் மறுமொழி இது.

அவர்களுடைய கோபத்தின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் காலூன்றியதும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் எங்கும் அச்சில் கிடைக்கின்றன. கீழே இறங்கியவர்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே பதிவாகியுள்ளனர். ஜானகி நாயரின் நூல் போன்ற சில ஆய்வுகள் விதிவிலக்கு. இந்நிலையில், அச்சிட்ட சான்று இல்லாத எதுவும் கலைக்களஞ்சியத்தில் நில்லாது என்ற விதி, அச்சேறும் வாய்ப்பே இல்லாதவர்களை இரண்டாம் முறையும் வெளியே தள்ளுகிறது.

ஆயினும் அவ்விதி கேட்பது ‘இது உண்மையா’ என்பதன்று. ‘படிப்பவர் இதைச் சரிபார்க்க இயலுமா’ என்பதே. தமிழ் விக்கிப்பீடியர் இதை மெய்யறிதன்மை என்பர். முகமறியாதோர் கூடி எழுதும் இடத்தில் வேறு அளவுகோல் சாத்தியமில்லை. என் பெரியப்பாவின் சொல்லை அவர் என் பெரியப்பா என்பதற்காக ஏற்கச் சொன்னால், தம் சாதி இன்ன அரச மரபின் நேர்வழி என்று நாள்தோறும் திருத்தம் செய்வோரின் தாத்தாக்களையும் ஏற்கத்தான் வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியா தெற்காசியச் சாதிக் கட்டுரைகளுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகள் வகுக்க நேர்ந்தது சும்மா அன்று. கதவைத் திறந்துவிட்டால் முதலில் நுழைபவர் சுரங்கத் தொழிலாளியின் பேத்தியாக இருக்கமாட்டார். ஆள்பலமும் அச்சகமும் உடையவர்களே முந்திக்கொள்வர்.

குறிப்பேட்டுக்குள்ளேயே சிக்கல்கள் உள்ளன. கொள்ளுத்தாத்தா விபத்தில் இறந்தார் என்கிறது ஒரு பக்கம். நுரையீரல் கெட்டு ஊர் திரும்பி இறந்தார் என்கிறார் அத்தை. ஆய்வாளருக்கு இரண்டும் பொக்கிஷம். நானோ விக்கிக் கட்டுரையில் ஒன்றைத்தான் எழுதியிருப்பேன். அதை ஒரு நாளிதழ் எடுத்தாளும். பின் அந்நாளிதழே அதற்குச் சான்றாகிவிடும். அத்தையின் கதை அங்கேயே முடிந்துபோகும். (சுரங்கத்தின் ஆங்கிலச் சொற்களைப் பெரியப்பா தமிழில் எழுதியிருக்கும் விதமே தனியாக ஒரு கட்டுரைக்குத் தேறும். அது இன்னொரு நாளைக்கு.)

அத்தையின் மறுமணமும் சிலருடைய கடன்களும்கூட அதில் உள்ளன. கட்டற்ற உரிமத்தில் ஏற்றியதை எவரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். நீக்கினாலும் பெரும்பாலும் பக்கத்தின் வரலாற்றில் தங்கிவிடும். எழுத்தின் உரிமை பெரியப்பாவுடையதுதான். அத்தையின் வாழ்க்கையை வெளியிட அவர் மட்டும் இசைந்தால் போதுமா?

என் குற்றச்சாட்டு விக்கிப்பீடியாவின் மீதன்று, நம்மீது. வாய்மொழியைச் சான்றாக்க இயலுமா என்று 2011இல் அச்சல் பிரபாலா முதலானோர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் முயன்றனர். அச்சில் இல்லாத வழக்கங்களை நேர்காணலாகப் பதிந்து, அப்பதிவுகளையே கட்டுரைகளில் மேற்கோளாக்கினர். அம்முயற்சி பொதுவிதியாக நிலைக்கவில்லை. ஆனால் குறிப்பேட்டுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் இடையே ஒரு படி வேண்டும் என்பதை அது காட்டிற்று. அந்தப் படியைக் கட்ட வேண்டியவர்கள் ஊதியமும் உதவித்தொகையும் பெறும் நாம். நம் ஆய்வேடுகள் சோத்கங்காவில் ஏறுகின்றன; அவற்றுக்காக எடுத்த நேர்காணல்களோ நம் வன்தட்டுகளில் கிடந்து மட்குகின்றன. அவற்றைப் பேசியவரின் இசைவோடு ஒரு நூலகத்தில் எண்ணிட்டு வைத்தால், முரண்களை மறைக்காமல் பதிப்பித்தால், பின்னர் எவரும் சுட்டலாம். நானும் இதுவரை இதைச் செய்ததில்லை. என் முதுகலைக் கள ஒலிப்பதிவுகள் எங்கே என்று கேட்டால் உடனே சொல்ல இயலாது.

இப்போது சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் ரயிலேறிப் போகிறேன். பெரியப்பா உரக்கப் படிக்கிறார், நான் பதிவுசெய்கிறேன், அத்தை இடைமறிக்கிறார். தம்மைப் பற்றிய இரு பக்கங்கள் வெளிவரக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். பெரியப்பா முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார். இதுவரை முப்பது பக்கங்கள் முடிந்துள்ளன. ஒவ்வொரு முறையும் நான் புறப்படுகையில், “ஏத்திட்டியா?” என்று மறவாமல் கேட்கிறார்.