ஹீப்ரு தேசத்தில் ஆங்கில வகுப்பு

இஸ்ரேல் தேசத்தில் ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடுகின்றன. அதன் பிறகு நீச்சல், சங்கீதம், சதுரங்கம் என்று தனி வகுப்புகளுக்குக் குழந்தைகளை அனுப்புவது அங்குள்ள பெற்றோர்களின் வழக்கம். இவ்வகுப்புகளின் வரிசையில் ஆங்கிலமும் இப்பொழுது ஓர் இடம் பெற்றிருக்கிறது. ஜெருசலேம், ரானானா, மோதியீன் முதலிய ஊர்களில் அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய தேசங்களிலிருந்து குடியேறிய யூதர்கள் அதிகம். அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஒருவித வகுப்பும், வீட்டில் ஹீப்ருவை மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கென்று வேறொருவித வகுப்பும் நடந்து வருகின்றன.

சாயங்கால வகுப்பைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஹீப்ருவின் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சுமார் 1,700 வருஷ காலம் அது வேதம் ஓதவும், பிரார்த்தனை செய்யவும், பண்டிதர்கள் எழுதவும் பயன்பட்டதேயன்றி, எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியாக இருக்கவில்லை. 1881-ல் பாலஸ்தீனத்தில் வந்திறங்கிய எலியேசர் பென் யெகூதா, தமக்கு 1882-ல் பிறந்த மகனை ஹீப்ருவைத் தவிர வேறொரு சொல்லும் காதில் விழாமல் வளர்க்கத் துணிந்தார். தாய் மறந்துபோய் ருஷிய பாஷையில் பாடியதற்காக அவர் ருத்திராகாரமாகச் சினந்தார் என்று சொல்வார்கள். இதைப் பைத்தியம் என்றே அண்டை வீட்டார் கருதினர்.

அந்தப் பைத்தியம் ஒரு தலைமுறைக்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. 1913-ல் ஹைபா நகரில் ஒரு தொழிற் கலாசாலை ஸ்தாபிக்க ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னின்ற ஜெர்மானிய யூதர் சங்கம், விஞ்ஞான பாடங்களை ஜெர்மன் பாஷையிலேயே போதிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அக்காலத்தில் ஹீப்ருவில் பௌதிக நூல்களும் ரஸாயன நூல்களும் போதுமான அளவில் இல்லை. ஆகையால் அவர்கள் சொன்ன நியாயம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் உபாத்தியாயர்களும் மாணவர்களும் அச்சங்கத்தின் பாடசாலைகளைவிட்டு வெளியேறினார்கள். தங்களுக்கென வேறு பாடசாலைகளைத் திறந்தார்கள். 1914-ன் தொடக்கத்தில் சங்கம் இறங்கி வந்தது. ஐரோப்பிய யுத்தத்தால் தடைப்பட்ட அக்கலாசாலை 1924-ல் திறக்கப்பட்டபோது போதனை ஹீப்ருவிலேயே நடந்தது. நூல்கள் வரட்டும், பிறகு போதிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. போதிக்கத் தொடங்கினார்கள், நூல்கள் வந்தன.

பிரிட்டிஷ் ஆட்சியில் ஆங்கிலம், அரபி, ஹீப்ரு மூன்றும் அரசாங்க பாஷைகளாக இருந்தன. 1948-ல் சுதந்தர ராஜ்யம் ஏற்பட்டவுடனேயே ஆங்கிலத்தைக் கட்டாயமாக வழங்க வேண்டுமென்ற விதி நீக்கப்பட்டது. அவ்வாறு வாசல் வழியே அனுப்பப்பட்ட ஆங்கிலத்தையே இன்று பெற்றோர்கள் பணங்கொடுத்து வீட்டிற்குள் அழைக்கிறார்கள்! இதை வீழ்ச்சி என்று நாம் கூறமாட்டோம். கணிதமும் சரித்திரமும் விஞ்ஞானமும் காலையில் தாய்மொழியில் கற்ற குழந்தை, மாலையில் அந்நிய பாஷை ஒன்றைப் பாஷையாகக் கற்றால் அதனால் நஷ்டம் யாதுமில்லை. சட்டத்தையே ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்திலேயே வாதாடிப் பழகிப்போன நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை நன்கு தெரியும்.

இவ்வகுப்புகளில் உண்மையான வேலையும் நடக்கிறது. ஹீப்ரு வலமிருந்து இடமாக எழுதப்படுவது. சிறுவர் நூல்களைத் தவிர மற்றவற்றில் உயிரொலிக் குறிகளைப் பெரும்பாலும் இடுவதில்லை. அந்த எழுத்தில் பழகிய கண், இடமிருந்து வலமாகச் செல்லும் ஆங்கில எழுத்திலும், ஒலிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லாத அதன் சொற்களிலும் தடுமாறுவது இயல்பே. குடியேறியவர்களின் குழந்தைகள் படும் தொல்லை வேறு வகையானது. அவர்கள் தாயாரோடு சரளமாக ஆங்கிலம் பேசுவார்கள். பாட்டனார் எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாது. பாடசாலையின் பொது வகுப்பிலோ அரிச்சுவடியைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். இவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டியதே.

நம் கவலையெல்லாம் கட்டணத்தைப் பற்றியது. மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பு முதல் ஆங்கிலம் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாயிருப்பது மெய்தான். ஆனால் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையின் மூன்று பகுதிகளில் ஒன்று ஆங்கிலம். பள்ளியிறுதிப் பரீட்சையில் ஆங்கிலத்தின் உயர்ந்த படியில் தேறியவர்களுக்குச் சர்வகலாசாலைகள் உபரி மார்க்கும் தருகின்றன. இவ்வளவு பெரிய கதவின் திறவுகோலைச் சாயங்கால வகுப்புக்குச் சம்பளம் கட்டக்கூடியவனுடைய பிள்ளைக்குச் சுலபமாகவும், மற்றவன் பிள்ளைக்குக் கஷ்டமாகவும் செய்து வைப்பது தர்மமாகுமா?

அந்நாட்டு ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் அரபியர். அவர்களுடைய குழந்தைகள் வீட்டில் பேசும் அரபி ஒன்று, புத்தகத்திலுள்ள அரபி மற்றொன்று, பிறகு ஹீப்ரு, அதற்கும் பிறகுதான் ஆங்கிலம். மிகுந்த வைதிகர்களான யூதர்களின் ஆண்பிள்ளைகளோ, வேதபாடசாலைகளில் ஆங்கிலத்தைப் பெயரளவில் கற்கிறார்கள்; பலர் கற்பதேயில்லை. அது அவர்களுடைய பெரியோர்களின் விருப்பம் என்று சொல்லி அரசாங்கத்தார் கை கழுவலாம். ஆனால் இருபது வயதில் வேலை தேடி அலையப் போகிறவன் பெரியவரல்லர், பிள்ளைதான்.

மேற்படிப்பிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹீப்ருவுக்காகக் கிளர்ச்சி செய்து பெற்ற அதே ஹைபா கலாசாலையில், அந்நிய தேசத்து மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் போதிக்கும் பிரிவு இன்று நடக்கிறது. விருந்தினர்களுக்காக ஒரு கதவைத் திறந்து வைப்பது குற்றமன்று. வீட்டுப் பிள்ளைகளும் அதே வழியாகத்தான் நுழைய வேண்டும் என்ற நிலை ஏற்படுமானால், 1913-ல் வெளியேறிய மாணவர்கள் கேட்ட கேள்வி மறுபடியும் எழும். ஏழு வயதுக் குழந்தையின் ஆங்கிலக் கதைப் புத்தகத்தைக் கண்டு பயப்படுகிற ஹீப்ரு அபிமானிகள், ஆராய்ச்சி மாணவனின் மேஜையைச் சென்று பார்ப்பது நலம்.

சாயங்கால வகுப்புகளை நிறுத்தவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவற்றில் போதிப்பவர்களிற் பலர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஸ்திரீகள். பாடசாலைகளிலோ ஆங்கில உபாத்தியாயர்கள் போதவில்லை என்பது அந்நாட்டில் நெடுநாளைய புகார். இந்த ஸ்திரீகளுக்குத் தகுந்த சம்பளமும் பயிற்சியும் கொடுத்துக் காலை வகுப்புகளிலேயே அமர்த்திக்கொள்ள என்ன தடை என்பதைக் கல்வி மந்திரிதான் சொல்ல வேண்டும்.