பீரோவுக்குள்ள தூங்குற சி.பி.ஆர் பொம்மை

ஒரு பொம்மையைப் பத்தி பேசணும். சிரிக்காம படிங்க.

இதயம் நின்னுபோனா நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கிறதுதான் சி.பி.ஆர். அதைப் பழக, அச்சு அசல் மனுஷன் மாதிரி ஒரு பொம்மை உண்டு. 1960-ல நார்வே பொம்மை தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டால் கொண்டு வந்தது. அதோட முகம், பாரிஸ் சேன் ஆத்துல மூழ்கினதா சொல்லப்படுற பேர் தெரியாத பொண்ணோடது.

சிவகாசி பக்கம் பயிற்சி கொடுக்கப் போன ஒரு இடத்துல (எந்த இடம்னு கேக்காதீங்க) பொம்மையை நியூஸ்பேப்பர்ல சுத்தி பீரோவுல வச்சிருந்தாங்க. கன்னத்துல தலைப்புச் செய்தி! பி.வி.சி தோல்ல அச்சு மை இறங்கினா போகாது. பால்பாயிண்ட் பேனா கறையும் அப்படித்தான். அச்சுத்தொழில் ஊருக்கே இதை நான் சொல்ல வேண்டியிருக்கு. வெள்ளைத் துணி போதுங்க.

கறை கிடக்கட்டும். அழுத்திப் பார்த்தா ஸ்பிரிங் தொய்ஞ்சு கிடக்கு. பெரியவங்களுக்கு நெஞ்சு 5 செ.மீ-யாவது இறங்கணும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிஷத்துக்கு 100-120 தடவை. தொய்ஞ்ச பொம்மை லேசா தொட்டாலே இறங்கிடும். அதுல பழகின கை நிஜ ஆள் மேல போதுமான ஆழத்துக்கு அழுத்தாது. அவரோ தனக்கு சி.பி.ஆர் தெரியும்னு நம்பிக்கிட்டு இருப்பார். எனக்கு பயமே அதுதான்.

வாயில ஊதிப் பழகினா, ஒவ்வொருத்தர் முடிச்சதும் 70% ஆல்கஹால் வச்சு முகத்தை அழுத்தித் துடைச்சு, அரை நிமிஷமாவது ஈரமா விட்டுக் காய வைங்க. வகுப்பு முடிஞ்சா உள்ள இருக்குற நுரையீரல் பையை மாத்துங்க. முகத்தோலைக் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி, ஈரம் போனப்புறம்தான் மாட்டணும். ஈரத்தோட மூடினா பூஞ்சை. தகர ஷெட்ல, நம்ம ஊர் சித்திரை வெக்கையில போட்டு வைக்காதீங்க.

பட்டாசு ஆலைக்காரங்களுக்கு: ஸ்பிரிட் தீப்பிடிக்கும். மருந்து ரூம் பக்கமே பயிற்சி வேண்டாம், கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில வைங்க. ஆலைன்னாலே தீக்காயம் மட்டும்தான் நமக்கு ஞாபகம் வருது. கரண்ட் ஷாக், மாரடைப்புன்னு சரிஞ்சு விழுறவருக்கு, 108 வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்குற ஆளோட கைதான்.

பொம்மை வாங்குற அன்னைக்கு போட்டோ எடுக்குறோம். பைக்கும் ஸ்பிரிங்குக்கும் காசு ஒதுக்குறதில்ல. 'காஸ்ட்லி, கெட்டுடும்'னு பூட்டுறோம். சாவி வச்சிருந்தவர் டிரான்ஸ்பர்ல போயிடுறார். எடுத்து எடுத்து தேய்ஞ்சு போன பொம்மைன்னா எனக்கு சந்தோஷம்தான், பார்ட்ஸ் மாத்திக்கலாம்.

உங்க ஸ்கூல்லயோ ஆலையிலயோ பொம்மை இருந்தா இந்த வாரமே வெளிய எடுங்க. பல மாடல்கள்ல சரியான ஆழத்துக்கு அழுத்தினா 'கிளிக்'னு சத்தம் வரும். வருதான்னு பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க.