காசமல்லாத காசம்

திருப்பதிக்கு மேற்கே மதனப்பள்ளி, அதனருகே ஆரோக்கியவரம். சயரோகிகளுக்கென 1915இல் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதல் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. 2022 வரை அது சித்தூர் மாவட்டத்து ஊரே. காசத்தை எதிர்த்த போரில் இத்துணைப் பங்கு கொண்ட மண்ணில் பயிலும் நாம், காசத்தின் வேடம் பூண்டு வரும் மற்றொரு நோயை அறியாதிருத்தல் தகுமா?

காசக் கிருமிக்குப் பங்காளிகள் பலர் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட அவ்வினங்கள் மண்ணிலும் குழாய் நீரிலும் வாழ்கின்றன. அன்றாடம் நம் மூச்சோடு உட்புகுந்தாலும் பெரும்பாலோரை அவை ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய நுரையீரலில் மட்டும் குடியேறி, இருமலும் சளியும் இளைப்பும் தருகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் காசக் கிருமியைப் போலவே சிவந்த கோல்கள்! காசம் என்றே எழுதி மருந்து கொடுக்கிறார்கள். மாதங்கள் ஓடியும் நோய் தீருவதில்லை. உடனே ஊர் என்ன சொல்கிறது? “மாத்திரையை ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டான்” என்கிறது.

குற்றம் அவனுடையதா? உட்புகுந்த கிருமியை விழுங்கும் அணு, இன்டர்லூக்கின்-12 என்னும் பொருளைச் சுரந்து துணைக்கு அழைக்கிறது. ஓடிவரும் வெள்ளணுக்கள் இன்டர்பெரான் காமாவைச் சுரக்கின்றன. அதனால் வலிவு பெற்றே முதல் அணு கிருமியைக் கொல்கிறது. சிலருக்கு இச்சங்கிலியின் ஒரு கண்ணி பிறவியிலேயே பழுது. வேறு சிலரோ தம் இன்டர்பெரானுக்குத் தாமே எதிர்ப்பொருள் உண்டாக்கிக் கொள்கிறார்கள். தாய்லாந்திலும் தைவானிலும், உடலெங்கும் இக்கிருமி பரவிய நோயாளருள் பெரும்பாலோரிடம் இக்குறை இருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

நுரையீரலில் மட்டும் நோயுற்றோர் பலரிடம் அத்தகைய பெருங்குறை காணப்படுவதில்லை. பழைய காசத்தின் வடு, விரிந்துபோன மூச்சுக்குழாய், நாட்பட்ட புகைப்பழக்கத்தால் கெட்ட நுரையீரல், மூட்டுவாதத்திற்கு உண்ணும் சில மருந்துகள் ஆகியவையே பகைவனுக்கு வாயிலைத் திறந்து விடுகின்றன. எதுவாயினும் உடலின் அரண் பழுதேயன்றி ஒழுக்கத்தின் பழுதன்று.

“காசமே ஒழியாத நாட்டில் இதற்கெல்லாம் செலவு ஏன்?” என்று கேட்கலாம். பிழையான மருந்தை மாதக்கணக்கில் ஊட்டுவதும் செலவுதானே! பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாத நோய்க்காக ஒரு குடும்பத்தையே ஒதுக்கி வைக்கும் கொடுமைக்கு என்ன விலை?

எனவே என் கருத்து இது: சளியில் கோல்கள் தெரிந்தும் மரபணுச் சோதனை காசக் கிருமி இல்லையென்றால், அங்கே நின்றுவிடக் கூடாது. கிருமியை வளர்த்து இனம் காண வேண்டும். நீரிலேயே வாழும் கிருமியாதலால் ஒருமுறை கண்டது போதாது. வேறொரு நாள் எடுத்த சளியிலும் காண வேண்டும். மருந்துகளுள் சில ஒன்றாயினும் முறை வேறு. சளியில் கிருமி மறைந்த பின்னும் ஏறக்குறைய ஓராண்டு உண்ண வேண்டும். காரணம் தேடுவோர் நோயாளியின் எதிர்ப்பாற்றலையும் சோதிக்கட்டும்.

தோழர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, காசம் தீராமல் திண்ணையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒருவரைக் காண நேரலாம். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது ஆபத்து. “மாத்திரை சாப்பிட்டாயா?” என்று அதட்டவும் வேண்டாம். “எந்தக் கிருமி என்று பார்த்தார்களா?” என்று கேளுங்கள். மருத்துவரிடம் அதே கேள்வியைக் கேட்க அவருக்குத் துணையாகச் செல்லுங்கள். படித்தவர் ஊருக்குச் செய்யும் நன்றி அது.